வெப்ப ஏற்றமும் துணைக் கணப்பும்

நம் தூத்துக்குடிக் கடற்கரையில் வாழ்வோர்க்குக் குளிர் என்பது பெரும்பாலும் ஏட்டில் வாசித்து அறியும் பொருளேயாகும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலும் வெப்பநிலை 20 சென்டிகிரேட் பாகையை ஒட்டியே நிற்கும் இவ்வூரில், வீட்டைச் சூடாக்க ஓர் இயந்திரம் வேண்டுமென்று எவரும் எண்ணியதில்லை. அவ்வாறிருக்க, குளிர் நாட்டு வீடுகளின் கணப்பைப் பற்றி நாம் இங்கு எழுதப் புகுவதேன் என்று மாணாக்கர் வினவக்கூடும். அதற்குக் காரணமாய் அமைந்தது ஒரு கடிதம்.

கனடா தேசத்து டொரான்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் குடியிருக்கும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் அதனை எழுதியிருந்தார். 1983-ஆம் ஆண்டு இலங்கையில் நேர்ந்த கொடுமைகளுக்குப்பின் தமிழ்மக்கள் பெருந்தொகையினராய்ச் சென்று குடியேறிய இடங்களுள் அந்நகரம் முதன்மையானது. அந்நாட்டுப் பாராளுமன்றம் 2016-ல் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. தைப்பொங்கல் வருவதால் அத்திங்கள் தமிழர்க்கு உகந்ததே. எனினும் டொரான்டோவில் ஆண்டின் கடுங்குளிரும் அத்திங்களிலேதான். மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே நான்கைந்து பாகை. சில இரவுகளில் பூஜ்யத்திற்குக் கீழே 20 பாகையளவும் இறங்குவதுண்டு. பொங்கற்பானை அங்கே வீட்டிற்குள்தான் பொங்கவேண்டும். அவ்வீடும் கணப்பின்றி நில்லாது.

நண்பர் எழுதிய செய்தி இது. அவர் வீட்டை இதுகாறும் எரிவாயு உலை ஒன்று சூடாக்கி வந்தது. இப்பொழுது ‘ஹீட் பம்ப்’ எனப்படும் மின்சார இயந்திரத்தைப் பொருத்தி, பழைய உலையைத் துணையாக வைத்துக்கொள்ள விரும்புகின்றார். இரு ஒப்பந்தக்காரர்கள் இரு கணக்குத் தாள்களைத் தந்தனர். குளிர் உச்சத்திலிருக்கும் நாட்களிலும் எரிவாயுச் செலவு முற்றும் ஒழியும் என்றது ஒன்று. அந்நாட்களின் செலவிற் பெரும்பகுதி அப்படியே நிற்கும் என்றது மற்றொன்று. இரண்டும் கணிப்பொறி கணித்தவையே. இயந்திரத்தின் விலைக்குக் கடன் வாங்க வேண்டிய நிலையிலிருந்த அவர், “இவ்விரண்டில் எது மெய்?” என்று கேட்டிருந்தார்.

அத்தாள்களை நாம் ஆராய்ந்தபோது, இரண்டிலும் கூட்டற்பிழையோ பெருக்கற்பிழையோ காணவில்லை. எண்களைக் கூட்டுமுன் கணக்கின் அடியில் வைத்த விதிகளே வேறுபட்டன. அவ்விதிகள் யாவை என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். அவருக்கு எழுதிய விடை, குளிர் நாடுகளில் வாழும் ஏனைய பழைய மாணாக்கர்க்கும், இங்குப் பௌதிகம் கற்கும் இளைஞர்க்கும் பயன்படுமென நம்புகின்றோம்.

இயந்திரத்தின் இயல்பு

நம் மாணாக்கர் இவ்வியந்திரத்தைப் பார்த்ததில்லை என்று சொல்லவியலாது. மீன்பிடித் துறைமுகத்திற்குப் பனிக்கட்டி அனுப்பும் ஐஸ் தொழிற்சாலை எதனுள்ளும் சென்று பார்க்க. உவர்நீர்த் தொட்டியில் இறக்கிய தகரக்கூடுகளில் நன்னீர் உறைந்து கட்டியாகின்றது. அந்நீர் இழந்த வெப்பம் எங்குச் சென்றது? வெளியே நீர் வழிந்துகொண்டிருக்கும் குழாய்களைத் தொட்டால் விடை கிடைக்கும், அவை சூடாயிருக்கும். உள்ளிருந்த வெப்பத்தைக் கம்ப்ரஸர் வெளியே ஏற்றிவிட்டது. நம் வீடுகளிலுள்ள குளிர்ப்பெட்டியும் ஏர் கண்டிஷனரும் இதே தொழிலைச் செய்கின்றன. டொரான்டோ வீட்டில் இத்தொழில் திசைமாறி நடைபெறுகின்றது: வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தைப் பறித்து வீட்டினுள் ஏற்றுவது. பூஜ்யத்திற்குக் கீழான காற்றிலும் வெப்பம் உண்டோ எனின், உண்டு. தனிப்பூஜ்யமாகிய −273 பாகையை நோக்க, −10 பாகைக் காற்று மிகவும் சூடானதே.

ஆதலின் இதனை ‘வெப்ப ஏற்றம்’ என்று அழைப்பது பொருந்தும். கிணற்றில் ஏற்றமிறைப்பவன் நீரை உண்டாக்குவதில்லை. தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்திற்குக் கொணர்கின்றான். அவ்வாறே இவ்வியந்திரமும் 1 யூனிட் மின்சாரத்தைக் கொண்டு 3 யூனிட் வெப்பத்தை வீட்டிற்குக் கொடுக்கக்கூடும். எஞ்சிய 2 யூனிட் வெளிக்காற்றின் கொடையாகும். மின்கம்பியைப் பழுக்கக் காய்ச்சும் சாதாரணக் கணப்போ 1 யூனிட்டுக்கு 1 யூனிட்டே தரும்.

எனினும் ஏற்றத்தின் உவமை இன்னொன்றையும் கற்பிக்கின்றது. கோடையில் கிணற்று நீர் கீழே போகப் போக, அதே உழைப்பிற்குக் கிடைக்கும் நீர் குறைகின்றது. வெளிக்காற்றின் வெப்பநிலை இறங்க இறங்க, வெப்ப ஏற்றத்திற்கும் கிணறு ஆழமாகின்றது. பிரெஞ்சு அறிஞர் ஸாதி கார்னோ 1824-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து இதன் எல்லையைக் கணக்கிடலாம். இயந்திரம் வெப்பத்தை 40 பாகையில், அதாவது தனிக்கணக்கில் 313-ல், விடுவதாகக் கொள்வோம். வெளியே 0 பாகையாயின் 313-ஐ 40-ஆல் வகுக்க 7.8 மடங்கு, வெளியே −20 பாகையாயின் 313-ஐ 60-ஆல் வகுக்க 5.2 மடங்கு. இவை எவ்வியந்திரமும் கடக்கவியலாத வரம்புகள். கடையில் விற்கும் இயந்திரம் இவ்வரம்பிற் பாதியையும் எட்டுவது அரிது. ஆயினும் குளிர் மிகுமளவிற்குப் பயன் குறையும் என்பது இதனால் தெளிவாகும்.

இவ்வியந்திரத்தின் வரலாற்றில் நம் ஊரார்க்கு இனிக்கும் செய்தி ஒன்றுண்டு. வெப்ப ஏற்றத்தால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852-ல் எடுத்துரைத்தவர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்ஸன். சில ஆண்டுகளுக்குள், 1856-ஐ ஒட்டி, ஆஸ்திரிய நாட்டுப் பீட்டர் ரிட்டிங்கர் என்பார் அத்தகைய இயந்திரமொன்றை அமைத்தார். அதனை அவர் வைத்த இடம் வீடன்று. எபன்ஸே என்ற ஊரின் உப்பாலை. உவர்நீரைச் சுண்டவைத்து உப்பெடுக்கும் வேலைக்கே அது பயன்பட்டது. நம் உப்பளங்களில் கதிரவன் கூலியின்றிச் செய்யும் தொழிலை, வெயில் குன்றிய அந்நாட்டில் இயந்திரத்தைக்கொண்டு செய்விக்க முயன்றார்கள்.

வீடும் வானமும்

இனி, கணக்கிற்கு வருவோம். வீடு வெப்பத்தை இழப்பது சுவர், கூரை, ஜன்னல் வழியாகவும், இடுக்குகளில் புகுந்து போகும் காற்றின் வழியாகவும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ, இழப்பும் ஏறக்குறைய அவ்வளவிற்கு ஒத்துச்செல்லும். வீட்டினுள் 20 அல்லது 21 பாகை வேண்டுமாயினும், மனித உடலும் விளக்கும் சமையலும் தரும் சிறு வெப்பத்தால், வெளியே 18 பாகைக்குக் கீழிறங்கும்போதே கணப்பு வேண்டியதாகும் என்று கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, நண்பர் வீட்டை ஒத்த ஒரு வீட்டைக் கற்பித்துக்கொள்வோம். கணக்கு எளிதாகும்படி முழு எண்களையே எடுக்கின்றோம். அவ்வீடு 18 பாகைக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் 200 வாட் வீதம் வெப்பத்தை இழக்கின்றது. ஆகவே வெளியே 0 பாகையாயின் 3.6 கிலோவாட் தேவை. −15 பாகையாயின் 6.6 கிலோவாட்.

வாங்க நினைக்கும் வெப்ப ஏற்றம் 0 பாகையில் 6 கிலோவாட் கொடுக்க வல்லது. வெளிக்காற்று ஒரு பாகை இறங்கினால் அதன் ஆற்றல் 0.12 கிலோவாட் குறைகின்றது. மின்சாரத்திற்கு ஈடாகத் தரும் வெப்பம் 0 பாகையில் 3 மடங்கு. ஒரு பாகைக்கு 0.06 வீதம் அதுவும் இறங்குகின்றது. எனவே −15 பாகையில் அது தருவது 4.2 கிலோவாட்; மடங்கு 2.1.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்க. குளிர் மிகுதியாகும்பொழுது வீட்டின் தேவை ஏறுகின்றது. அதே பொழுதில் இயந்திரத்தின் வலிமை இறங்குகின்றது. ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஓரிடத்தில் சந்திக்கும். மேற்கூறிய எண்களின்படி அச்சந்திப்பு −7.5 பாகை. இதனைச் சமநிலைப் பாகை என்போம். அதற்கு மேலே ஏற்றம் தனியே போதும். கீழே அதற்குத் துணை வேண்டும். அத்துணையே துணைக் கணப்பு.

பெரிய இயந்திரமாய் வாங்கித் துணையை ஒழித்துவிடலாகாதோ எனின், ஆண்டில் மிகச் சில மணிகளே வரும் கடுங்குளிருக்காகப் பேரியந்திரம் வாங்குதல் விலையில் மிகும். அன்றியும், மிதமான நாட்களில் அது நின்று நின்று ஓடித் தேயும். ஆதலின் அளவான ஏற்றமும், இடர்க்காலத் துணையும் என்பதே பலர் கைக்கொள்ளும் வழி.

துணை எப்பொழுது வரும்?

துணைக் கணப்பு இருவகைப்படும். ஒன்று, இயந்திரத்தோடு சேர்ந்த மின்கம்பிக் கணப்பு. இது ஏற்றத்துடன் ஒருங்கே ஓடும். எவ்வளவு வெப்பம் குறைகின்றதோ அவ்வளவே கொடுத்து நிறைவு செய்யும். மற்றொன்று, பழைய எரிவாயு உலை. ஒரே காற்றுக்குழாயில் உலைக்கு அப்பால் ஏற்றத்தின் சுருளைப் பொருத்தும் வீடுகளில் இரண்டையும் சேர்த்து ஓட்டுதல் இயலாது. உலையின் சூட்டுக்காற்று சுருளின்மேல் பாய்ந்து இயந்திரத்திற்குக் கேடு செய்யும். ஆகவே குறித்த ஒரு பாகைக்குக் கீழே ஏற்றம் நின்றுவிடும். முழுச்சுமையையும் உலையே ஏற்கும். முதல் வகையை ‘நிறைவுத் துணை’ என்றும், இரண்டாவதை ‘மாற்றுத் துணை’ என்றும் வேறுபடுத்துவோம். உலையும் சுருளும் தனித்தனிக் குழாய்களில் அமைந்த வீட்டில் எரிவாயுவும் நிறைவுத் துணையாகலாம்.

நண்பர் பெற்ற தாள்கள் இரண்டிலும் ‘துணைக் கணப்பு: எரிவாயு உலை’ என்றே எழுதியிருந்தது. ஆனால் அத்துணை எவ்வகைத்து, எந்தப் பாகையில் வரும் என்பதை இரண்டும் சொல்லவில்லை. இச்சிறு மௌனம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை மறைக்கும் என்பதைப் பத்து நாட்களின் கணக்கால் காட்டுவோம்.

பத்து நாட் கணக்கு

ஜனவரியில் பத்து நாட்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் சராசரி வெப்பநிலை −5 பாகை. நம் வீட்டிற்கு அப்பாகையில் 4.6 கிலோவாட் தேவை. 240 மணிக்கு 1104 யூனிட் வெப்பம்.

முதற் கணக்கன் சராசரியை மட்டும் நோக்குகின்றான். −5 பாகையில் ஏற்றம் 5.4 கிலோவாட் தரவல்லது, தேவையோ 4.6 தான். ஆதலின் துணைக்கு வேலையே இல்லை, எரிவாயு சுழியம் என்று எழுதிவிடுகின்றான். மடங்கு 2.7, மின்சாரம் சுமார் 409 யூனிட்.

ஆனால் வானம் சராசரியாக நடப்பதில்லை. அப்பத்து நாட்களில் ஐந்து நாட்கள் +5 பாகையாகவும் ஐந்து நாட்கள் −15 பாகையாகவும் இருந்தன என்க. சராசரி அதே −5; வீட்டின் மொத்தத் தேவையும் அதே 1104 யூனிட். மிதமான ஐந்து நாட்களில் தேவை 312. ஏற்றம் அதனை எளிதிற் கொடுத்துவிடும். கடுங்குளிரின் 120 மணிகளிலோ தேவை 792. ஏற்றம் தரக்கூடியது 504. எஞ்சிய 288 யூனிட்டைத் துணை கொடுக்கவேண்டும். இது நிறைவுத் துணையின் கணக்கு.

மாற்றுத் துணையாயின்? சமநிலைப் பாகையாகிய −7.5-க்குக் கீழே ஏற்றம் நின்றுவிடுமாதலால், 792 யூனிட் முழுவதும் உலையின் தலையில் விழும்.

ஆகவே ஒரே வீடு, ஒரே வானம், ஒரே இயந்திரம். எரிவாயு தரவேண்டிய வெப்பமோ ஒரு கணக்கில் 0, இன்னொன்றில் 288, மற்றொன்றில் 792. நண்பரின் முதற்றாள் முதல் வகையைச் சார்ந்தது. இரண்டாவது தாள் மூன்றாம் வகையைச் சார்ந்தது. அவர் வீட்டிலோ குழாய் ஒன்றே. எனவே அவருடைய கேள்விக்கு விடை, முதற்றாளினும் இரண்டாவது தாளே உண்மைக்கு அண்மையது என்பதாம்.

மாற்றும் பாகையை −7.5-இல் வையாமல், எச்சரிக்கை கருதி 0 பாகையிலேயே வைத்துவிடும் வேலைக்காரரும் உண்டு. வீடு குளிர்ந்தது என்று எவரும் குறைகூறலாகாது என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு வைத்த வீட்டில், பத்து நாளும் −5 பாகையாகவே நின்றாலும் ஏற்றம் ஒரு நிமிஷமும் ஓடாது. கடன்பட்டு வாங்கிய இயந்திரம் வாயிற்புறத்தில் பனி மூடிக் கிடக்கும். விரலளவு சாவியொன்றைத் திருப்புவதில் இத்துணை வேறுபாடு அடங்கியிருக்கின்றது.

துணை மின்கம்பியாயிருப்பின் எரிவாயுவுக்கு இடமில்லை; ஆனால் அங்கும் சராசரிக் கணக்கு ஏமாற்றும். மிதமான நாட்களுக்கு 94.5, குளிர் நாட்களில் ஏற்றத்திற்கு 240, கம்பிக்கு 288, ஆக 622.5 யூனிட். சராசரிக்கணக்கு சொன்னதோ 409. செலவு ஒன்றரை மடங்காகிவிடுகின்றது.

இவை வேண்டுமென்றே தேர்ந்த கடுங்குளிர் நாட்கள் என்பதை மறத்தலாகாது. டொரான்டோவில் குளிர்காலத்து மணிகளிற் பெரும்பாலானவை −10 பாகைக்கு மேலேயே கழிகின்றன. ஆதலின் பருவம் முழுவதற்கும் ஏற்றத்தின் பங்கு பெரிதாகும். இயந்திரத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. துணையின் பங்கு ஆண்டுச் சராசரியில் ஒளிந்துகொண்டு, சில குளிர் மணிகளில் வெளிப்படுகின்றது. அம்மணிகளை எண்ணாத கணக்கு அதனைக் காணாது என்பதே கருத்து.

ஆகையாற்றான் ‘எனர்ஜி பிளஸ்’ போன்ற கணிப்பொறி நிரல்கள் ஆண்டின் 8760 மணிகளையும் ஒவ்வொன்றாய், இன்னும் நுண்ணிதாகவும், கணக்கிடுகின்றன. கனடா அரசாங்கத்தின் இயற்கை வள இலாகா தன் நாட்டு வீடுகளுக்கென ‘ஹாட் 2000’ என்ற நிரலை அமைத்துள்ளது. 2021 மே மாதத்தில் அவ்வரசாங்கம் வீட்டுச் சீர்திருத்தத்திற்கு 5000 டாலர் வரை உதவித்தொகை வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. வேலைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் வீட்டைச் சோதித்துக் கணக்கிடவேண்டும் என்பது அதன் விதி. 2022-ல் 40,000 டாலர் வரை வட்டியில்லாக் கடனும் அறிவிக்கப்பட்டது. உதவித்தொகைக்குப் புதிய விண்ணப்பங்கள் 2024-ன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. இதனால், மாதிரிக் கணக்கு என்பது ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுக் குடும்பத்தலைவர்களின் மேஜைக்கு வந்துவிட்டது. வந்ததை வாசிக்கத் தெரிந்துகொள்ளுதல் இனி அவர்கள் கடமையாகின்றது.

கணக்கில் அகப்படாதவை

மணிக்கு மணி கணக்கிட்டாலும் சில பொருள்கள் நழுவும். அவற்றுள் முதலாவது, வீட்டாரின் பழக்கம். இரவில் 16 பாகைக்கு இறக்கி, காலையில் 21-க்கு ஏற்றுவது எரிவாயு உலைக்குச் சிக்கனம். வெப்ப ஏற்றமோ மெல்ல நடப்பது; திடீரென்று ஐந்து பாகை கேட்டால், தெர்மோஸ்டாட் பொறுமையிழந்து துணையை எழுப்பிவிடும். வெளியே குளிர் அதிகமில்லாத நாளிலும் இவ்வாறு துணை விழிக்கும். மாறாத பாகையை வைத்துக் கணக்கிட்ட தாளில் இது தோன்றாது.

இரண்டாவது, உறைபனி. வெளியே 0 பாகையை ஒட்டிய ஈரக்காற்றில் இயந்திரத்தின் வெளிச்சுருள்மேல் பனி படிகின்றது. அதனை உருக்க ஏற்றம் சற்றுநேரம் திசைமாறி, வீட்டின் வெப்பத்தையே வெளியே அனுப்பும். அப்பொழுதும் துணை வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம் நின்றுபோதல். 2013 டிசம்பரில் டொரான்டோவில் பெய்த உறைமழையால் கம்பிகள் அறுந்து, சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருளில் மூழ்கின. சில வீடுகளுக்குப் பல நாட்கள் மின்சாரம் வரவில்லை. வெப்ப ஏற்றம் அப்பொழுது பயன்படாது என்பது வெளிப்படை. எரிவாயு உலை காப்பாற்றும் என்று பலர் எண்ணுவர். அதன் விசிறியும் மின்சாரத்தாலேயே சுழல்வது என்பதை மறந்துவிடுவர். ‘துணை’ என்ற பெயரை நம்பி, எதற்குத் துணை என்று கேளாதிருத்தல் தவறு.

நான்காவது, வானிலை ஏடு. மாதிரிக் கணக்குகள் பெரும்பாலும் பல ஆண்டுகளிலிருந்து தெரிந்தெடுத்துக் கோத்த ‘வழக்கமான ஆண்டு’ ஒன்றையே பயன்படுத்துகின்றன. வழக்கமான ஆண்டில் வழக்கத்திற்கு மாறான குளிர் இராது. செலவைக் கணிக்க அது போதும்; துணைக் கணப்பின் அளவைத் தீர்மானிக்கப் போதாது.

இக்கடைசிப் பிழையைப் பற்றி முத்துக் கடற்கரையாருக்கு நாம் அதிகம் சொல்லவேண்டுவதில்லை. முத்துச் சலாபம் நடத்துமுன் பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, அதிலிருந்து முழுப் பாரின் பயனையும் கணித்து, அதன் பின்னரே சலாபத்தை அறிவிப்பது முன்னாளைய வழக்கம். அதுவும் ஒரு மாதிரிக் கணக்கே. எதிர்க்கரையில், இலங்கைப் பார்களில் 1903 முதல் ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. 1905-ன் விளைவு மிகப் பெரிது. நல்லாண்டுகளின் விளைவை நம்பி, 1906-ல் ஒரு கம்பெனி அப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் சிப்பிகள் அற்றுப்போயின. சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. நம் தூத்துக்குடியிலும் 1955-லிருந்து தொடர்ந்து நடந்த சலாபம் 1961-உடன் நின்றது. நல்ல ஆண்டுகளை மட்டும் கொண்டு கணித்தவன், கெட்ட ஆண்டு வரும்போது கையிழந்து நிற்பான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொல்லியது, கடலுக்கு மட்டுமன்று.

நண்பருக்கு எழுதிய விடை

ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்குமாறு நண்பருக்கு எழுதினோம்.

முதலாவது: வானிலையை மணிக்கணக்காய் எடுத்தீர்களா, மாதச் சராசரியாய் எடுத்தீர்களா?

இரண்டாவது: துணை நிறைவுத் துணையா, மாற்றுத் துணையா? மாற்றாயின் எந்தப் பாகையில்? தாளில் எழுதிய பாகையையே சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டிலும் வைப்பீர்களா?

மூன்றாவது: வீட்டின் வெப்ப இழப்பை அளந்தீர்களா, ஊகித்தீர்களா? வாயிற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை இழுத்து, இடுக்குகளில் எவ்வளவு காற்று புகுகின்றது என்று அளக்கும் சோதனை அந்நாட்டில் எளிதிற் கிடைக்கின்றது.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது: இதே கணக்கைப் பழைய உலையுடன் சென்ற குளிர்காலத்திற்கு நடத்தினால், நான் உண்மையிற் கட்டிய எரிவாயுப் பில் வருகின்றதா? சென்ற ஆண்டை ஒப்பிக்கத் தெரியாத கணக்கு வரும் ஆண்டைச் சொல்லும் என்று நம்புவதற்கில்லை. பில்லுக்கும் கணக்கிற்கும் வேறுபாடு இருப்பின், அது எதனால் என்று கண்டு திருத்திய பின்னரே புதிய இயந்திரத்தைக் கணக்கில் ஏற்றவேண்டும்.

இவற்றோடு ஒரு யோசனையும் சொன்னோம். இயந்திரத்திற்கு முன் வீட்டைக் கவனிக்க. இடுக்குகளை அடைத்து, மச்சிற்கு வெப்பங்காக்கும் போர்வை இட்டு, இழப்பைப் பாகைக்கு 200 வாட்டிலிருந்து 150-ஆகக் குறைத்ததாகக் கொள்வோம். −15 பாகையில் தேவை 6.6-லிருந்து 4.95 கிலோவாட்டாகக் குறையும். அதே ஏற்றம் 4.2 தருமாதலின், குறைவு 0.75 மட்டுமே, 120 மணிக்கு 90 யூனிட். முன்னர் 288. இழப்பில் கால்பங்கு குறைந்தால் துணையின் வேலை மூன்றிலொரு பங்கிற்கும் கீழாகிவிடுகின்றது. சமநிலைப் பாகையும் −7.5-லிருந்து −12-ஐத் தாண்டி இறங்குகின்றது. துணை என்பது தேவைக்கும் வலிமைக்கும் இடையிலுள்ள எச்சமாதலின், தேவையிற் சிறிது குறைத்தாலும் எச்சத்திற் பெரிது குறையும். அவ்வெச்சம் மிகச் சிறுத்துவிடின், அதற்காக எரிவாயு இணைப்பின் மாதாந்தக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டுவது தகுமா என்பதையும் அவர் அப்பொழுது தீர்மானிக்கலாம்.

நம் ஊருக்கு இதனால் ஆவதென்ன?

நம் வீடுகளுக்கு வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வருவது. ஏற்றம் அதனை வெளியே தள்ளுவது. திசை மாறினும் கணக்கு மாறவில்லை. அறையை 24 பாகையில் வைப்பதை விட்டு 18-க்கு இறக்குவோன், கிணற்றை ஆறு பாகை ஆழமாக்குகின்றான். 2018-ல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் ஸம்ஹிதா’ என்ற வீட்டுக்கட்டட விதி, கூரை வழியே வரும் வெப்பத்திற்கு ஒரு வரம்பு கட்டியிருப்பதும் இக்கருத்தாலேயே. டொரான்டோவில் இடுக்கை அடைத்தல் எப்படியோ, தூத்துக்குடியில் மொட்டைமாடிக்கு வெள்ளையடித்து நிழலிடுதல் அப்படி. முதலில் வீடு, பின்னர் இயந்திரம்.

இன்னும் பெரிய வீடொன்று உண்டு. அது நம் மாகாணம். 1986-ல் இந்தியாவில் முதன்முதல் நிறுவிய சோதனைக் காற்றாலை நிலையங்களுள் தூத்துக்குடியும் ஒன்று. ஆனிக் காற்றில் சுழலும் அவை, காற்று ஓய்ந்த மாதங்களில் நின்றுவிடுகின்றன. அப்பொழுது 1979-ல் இயங்கத் தொடங்கிய நம் அனல்மின் நிலையம் போன்றவை துணை நிற்கவேண்டும். காற்றாலைகளின் ஆண்டுச் சராசரியைக் கண்டு மகிழ்வோர், காற்றில்லாத மாலைப்பொழுதின் விளக்கு எதனால் எரியும் என்றும் கேட்கவேண்டும். அங்கும் எச்சத்தை எண்ணுவதே கணக்கு.

நம் மாணாக்கரிற் பலர் நாளை இத்தகைய கணக்குத் தாள்களை எழுதப் போகின்றவர்கள்; சிலர் அவற்றை நம்பிக் கடன் வாங்கப் போகின்றவர்கள். எழுதுவோர் தம் விதிகளை மறையாது தாளின் தலைப்பிலேயே எழுதுவாராக. வாங்குவோர் விடையை நோக்குமுன் விதியைக் கேட்பாராக. நண்பர் மறுமொழி எழுதியிருக்கின்றார்: மச்சிற்குப் போர்வை இட்டாயிற்றாம், இயந்திரத்தை அடுத்த ஆண்டு வாங்குவதாக ஒத்திவைத்து, இக்குளிர்காலத்துப் பில்களைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கின்றாராம். கணக்கைத் தொடங்குவதற்கு இதுவே தக்க முறை என்று நாம் கருதுகின்றோம்.